ஆமை பொம்மை வருமுன்னே

வா நைனா, குந்து. தறிக்குழி ஓரமாப் பாத்து, பாவு மேல கை வெச்சிடாத. கையில இன்னா, மேப்பா? காட்டு. ஐயோ, தெருக்கூத்துக்கு சீரியல் பல்பு கட்டின மாதிரி பச்சைப் பச்சையா மின்னுது. இதெல்லாம் சார்ஜ் போடற எடமா? மதுரைக்குப் போற வழியில இத்தினி இருக்கசொல்ல தாத்தாகிட்ட இன்னாத்துக்கு யோசனை? ஓ, ஆயா அனுப்பிச்சாளா. அதானே பாத்தன், நீயா வந்து கேக்கற ஆளு கெடையாது.

எனக்குக் காரு ஓட்டத் தெரியாது. சைக்கிளுக்கு மேல ஒண்ணும் ஓட்டினதில்ல. ஆனா எங்க நிக்கணும், எம்மா நேரம் நிக்கணும்னு தெரியும். ஆரணிக்குப் பொடவை கொண்டுபோய்க் குடுத்துட்டு பட்டும் ஜரிகையும் வாங்கியாற நாப்பது வருசம் பஸ் ஸ்டாண்டுல நின்ன காலு இது. உன் கரண்ட் வண்டிக்கு இப்ப அந்தப் படிப்புதான் தேவை, நீ படிச்ச இன்ஜினீயரிங் இல்ல.

இந்த ஊருக்கும் மதுரைக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, தெரியுமா? 9ஆம் நூத்தாண்டுல யானை, குதிரை, ஆளுன்னு தெற்கேருந்து வந்த பாண்டியன் இதே தெள்ளாத்துலதான் பல்லவன் மூணாம் நந்திவர்மன்கிட்டத் தோத்தான். ‘தெள்ளாறெறிந்த நந்தி’ன்னு அவனுக்குப் பேரே வந்துச்சு. அதோட வுடாம வைகைக் கரை வரைக்கும் தொரத்தினான்னு சொல்றாங்க. யானைக்குத் தழை எங்க, குதிரைக்குக் கொள்ளு எங்க, குளம் எங்கன்னு கேக்காம அவன் கெளம்பியிருப்பானா? அவனுக்கப்பறம் இந்த ஊர்லேருந்து மதுரைக்குப் படையெடுக்கறவன் நீதான். ஆயா, பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, ஒரு தூக்கு புளிச்சோறு. சின்னப் படையா இது?

மொறைக்காத. போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிட்டு வந்தியே, அந்தக் கதை எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? செஞ்சியிலேருந்து சம்பந்தி போன் பண்ணிட்டாரு. வண்டியில 80 பர்சன்ட் வெச்சிக்கினு கெளம்பின. அங்க கிரிவலக் கூட்டத்துல சார்ஜ் போட எடம் கெடைக்கல, உனக்கு முன்னாடி மூணு வண்டி. புள்ளைங்க தூங்குதுன்னு ஏசியைப் போட்டு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெச்ச. திரும்பி வரசொல்ல செஞ்சிக்கு முன்னாடியே ஏசியை அணைச்சிட்ட, கண்ணாடியை எறக்கிட்ட, பொண்டாட்டியைப் பாட்டு நிறுத்தச் சொன்ன. பாட்டு நிறுத்தினா எத்தினி அடி கூட ஓடும்னு கணக்குப் போட்ட, சொல்லு? கடைசியில வண்டி ஸ்கிரீன்ல ஆமை பொம்மை ஒண்ணு எட்டிப் பாத்துச்சாம், இனிமே மெதுவாத்தான் போவேன்னு. ராஜகிரிக் கோட்டையை ஒரு கல்லு விடாம எண்ணிக்கினே வந்தியாம். பால் கேன் கட்டின டிவிஎஸ் 50 ஒண்ணு உன்னைத் தாண்டிப் போச்சாம். தாண்டினவன் திரும்பிப் பாத்தானாமே, அதுதான் எனக்கு மனசு கேக்கல.

அப்பறம் சம்பந்தி வூடு. அங்க கிரைண்டர் பிளக்குல சொருகினா உன் சார்ஜர் பொட்டி செவப்பு லைட்டக் காட்டி வேலைநிறுத்தம் பண்ணிடுச்சு. காரு கெட்டுப்போச்சுன்னு நீ கம்பெனிக்குப் போன் போடற, அவன் இங்கிலீசுல பாட்டுப் போடறான். எதிர்வூட்டு கரண்ட் வேலைக்காரர் லுங்கியோட வந்து, கெணத்தடிப் பக்கம் இருந்த எர்த் குழியில ஒரு கொடம் தண்ணி ஊத்தினாரு. ரெண்டு நிமிசம். பச்சை லைட்டு. வெயில்ல எர்த் குழி காஞ்சிப் போயிருந்துச்சு, உப்பும் கரியும் போட்டு எத்தினி வருசமோ. எர்த் சரியில்லன்னா அந்தப் பொட்டி கரண்ட வாங்காது. மனுசங்களுக்கு அந்த ரோசம் கெடையாது, ஷாக் அடிச்சிக்கினே அந்த கிரைண்டர்ல மாவு அரைச்சிருக்காங்க.

அந்தப் பிளக்குல ஒரு மணிக்கு 3 யூனிட்டுதான் ஏறும். வூடு வந்து சேர 7 யூனிட்டு வேணும். ரெண்டரை மணி நேரம் சம்பந்தி வூட்டுல குந்தினியே, வண்டிக்கு ஏறினது 7 யூனிட்டு, உனக்கு ஏறினது அவங்க பாகப்பிரிவினைக் கதை ஏழு தலைமுறைக்கு. இட்லி வேற எட்டு. அன்னிக்கு ராத்திரி நீ எங்ககிட்ட ‘டிராபிக்கு தாத்தா’ன்னு சொன்ன பாரு, அந்த மொகத்தை இன்னும் நெனச்சி நெனச்சி சிரிக்கிறன்.

சரி, விசயத்துக்கு வரன். காகிதத்துல வண்டி 300 கிலோமீட்டரு ஓடும்னு போட்டிருக்கில்ல, அது பொய்யின்னு சொல்ல மாட்டன். புனேயில ஏஆர்ஏஐன்னு ஒரு ஆபீசு இருக்கு. அங்க வண்டியை உருளை மேல ஏத்தி, ஏசி போடாம, 90-க்கு மேல போகாம ஓட்டிப் பாத்து எழுதற கணக்கு. உருளை மேல எதிர்காத்து ஏது, ஆயாவோட மூட்டை ஏது? கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையைப் பத்தி தரகர் சொல்ற மாதிரின்னு வெச்சிக்கயேன். சொன்னதுல பொய் இருக்காது, குடும்பம்தான் இருக்காது. உன் வண்டியில 30 யூனிட்டு புடிக்கும். 80-ல போனா யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டரு வரும். 110-ல அழுத்தினா அஞ்சுதான். ஏன்னு கேளு. நான் வயசுல வந்தவாசியிலேருந்து கோரைப்பாய் சுருட்டி சைக்கிள்ல நிமித்திக் கட்டிக்கினு ஆடிக்காத்துக்கு எதிர்ல மிதிச்சிருக்கன். மெதுவா மிதிச்சா காத்து சும்மா தள்ளும். கொஞ்சம் வேகம் கூட்டினா மாரு மேல கைய வெச்சி நிறுத்தும். 80-லேருந்து 110-க்குப் போனா வேகம் ஒண்ணரை மடங்கு கூட ஆகல, காத்து தடுக்கிறது கிட்டத்தட்ட ரெட்டிப்பாவுது. நீ சம்பாரிக்கிற இருவது நிமிசத்தை அப்பிடியே கொண்டுபோய் சார்ஜ் போடற எடத்துல கட்டிட்டு வருவ.

இந்தப் பாவைப் பாரு. இன்னும் ஒரு மொழம்தான் பாக்கி. இதை முழுக்க நெஞ்சி முடிச்சிட்டா இன்னாகும்? அச்சுலயும் விழுதுலயும் ஒரு இழை கூட இல்லாம தறி மொட்டையா நிக்கும். அப்பறம் ஆயிரக்கணக்குல இழையை ஒண்ணொண்ணா முதல்லேருந்து கோக்கணும். அதனாலதான் பழைய பாவோட வாலு தொங்கசொல்லவே புதுப்பாவு இழையை அதோட முறுக்கிப் பிணைக்கிறது. கொஞ்சம் பட்டு வீண்தான், வேலை மிச்சம். உன் வண்டிக்கும் 20 பர்சன்ட் அந்த வாலு. அதைத் துணியா நினைக்காத. பாவு முழுக்க நெஞ்சிட்டன் பாருன்னு பெருமை பேசின நெசவாளி எவனும் இல்ல.

மேல்பக்கமும் ஒரு அளவு இருக்கு. 80 பர்சன்ட்டுக்கு மேல மெஷின் கரண்ட கொறைச்சிக் கொறைச்சித்தான் விடும். நம்ம ஊரு டவுன் பஸ்ஸுல மொதல் நாப்பது பேரு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள குந்திடறான். கடைசி பத்துப் பேரை ஏத்தத்தான் கண்டக்டரு ‘உள்ள போ, உள்ள போ’ன்னு தொண்டை கிழியறாரு. 80-லேருந்து 100 வரைக்கும் ஏத்தற நேரத்துல நீ அடுத்த எடத்துக்கே போயிடலாம். நூறு ஏத்தறதெல்லாம் ராத்திரி வூட்டுல வெச்சிக்க. ரோட்டுல நூறுக்குக் காத்திருக்கறவனைப் பாத்தா, பின்னாடி நிக்கறவன் மனசுக்குள்ள இன்னா சொல்லுவான்னு எனக்குத் தெரியும், புள்ளைங்க இருக்கு, சொல்ல வேணாம்.

எங்கப்பா மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு திண்டிவனம் மண்டிக்கு மாட்டுவண்டி ஓட்டினவரு. ராத்திரி கெளம்பினா விடியசொல்ல மண்டி. எந்தப் புளியமரத்தடியில அவுக்கறது, எந்தத் தொட்டியில தண்ணி காட்டறது, எந்த சாவடியில திண்ணை காலியா இருக்கும், எல்லாம் தலையில. அவரு ஒண்ணை மட்டும் நம்பிக் கெளம்ப மாட்டாரு. தொட்டி வத்திக் கெடந்தா அடுத்த ஏரி வரைக்கும் மாட்டுக்கு மூச்சு இருக்கணும். மூச்சு வாங்கற மாட்டுக்கு ஒடனே தண்ணி காட்ட மாட்டாரு, கொஞ்சம் நிழல்ல நிறுத்தி அப்பறம்தான். உன் பேட்டரியும் அந்த ஜாதிதான். கத்திரி வெயில்ல வேகமா ஓட்டிக்கினு போய் சொருகினா சூட்டுல மெஷினே கரண்ட கொறைச்சிடும். கோவிச்சிக்காம ஒரு டீ குடி.

ரெண்டாம் உலகச் சண்டை காலத்துல பெட்ரோலு கெடைக்காம கரிபஸ் ஓடின கதையும் அப்பா சொல்லுவாரு. பஸ் பின்னாடி ஒரு பெரிய அடுப்பு, அதுல மரக்கரி. காத்தாடியைக் கையால சுத்தி நெருப்பை ஏத்தினாத்தான் அதுலேருந்து வர்ற வாயுவுல இன்ஜின் ஓடும். மேட்டுல எறங்கித் தள்ளணும். தள்ளினவங்க டிக்கெட்டும் வாங்கியிருக்காங்க. அவங்க முன்னாடி போய் ‘சார்ஜ் ஏற அரை மணி ஆவுது’ன்னு சலிச்சிக்காத.

அட, மொத மொத காருல தூரம் போனதே ஒரு பொம்பளைதான். உன் தங்கச்சி படிச்சிக் காட்டுச்சு. 1888-ல, ஜெர்மனியில, பெர்த்தா பென்சுன்னு பேரு. புருசன் செஞ்ச மூணு சக்கர வண்டியை, புருசனுக்கே சொல்லாம, ரெண்டு புள்ளைங்களை ஏத்திக்கினு மான்ஹைம்லேருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டரு. அம்மா வூட்டுக்கு. பெட்ரோல் பங்குன்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது. வீஸ்லாக்குன்னு ஒரு ஊர்ல மருந்துக்கடைக்காரர்கிட்ட கறை போக்கற எண்ணெயை வாங்கி ஊத்திச்சாம். கொழாய் அடைச்சிக்கிச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்துச்சு. பிரேக்குக் கட்டை தேஞ்சிடுச்சு, செருப்பு தைக்கறவரைக் கூப்பிட்டு தோல் அடிக்கச் சொல்லிச்சு. வழியெல்லாம் தண்ணி கேட்டு வாங்கி ஊத்திக்கினே போயிருக்கு. நீ வழியில ஒரு ஆளைக் கேக்க கண்ணாடி எறக்க மாட்டேங்கற. அன்னிக்கு செஞ்சியில எறக்கினதும் வேர்வைக்குத்தான், வாய் தொறக்க இல்ல.

கேக்கறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜர் ரோட்டோரம் இருக்கணும்னு டெல்லியில 2022-ல வழிமுறை எழுதிட்டான். அதே வருசம் பாரத் பெட்ரோலியம் சென்னை, திருச்சி, மதுரை ரோட்டுல தன் பங்குங்கள்ல வேகமா ஏத்தற மெஷினை வரிசையா வெச்சான். கோயமுத்தூர் கம்பெனிக்காரன் ஓட்டல் ஓட்டலா வெச்சிக்கினு போறான். எடம் இருக்கு நைனா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா மேப்புல பச்சைப் பொட்டு வெச்சவன் ஒக்காந்திருக்கிறது ஏசி ரூம்ல, மெஷின் நிக்கறது வெயில்ல. அதனால கெளம்பறதுக்கு முன்னாடி போன் போடு. கம்பெனிக்கு இல்ல, மெஷினுக்குப் பக்கத்துல இருக்கற ஓட்டலுக்கு. ‘அண்ணே, மெஷின் ஓடுதா’ன்னு எடுத்ததும் கேக்காத, தெரியாதும்பான். ‘ஆறு பேரு வரோம், டிபன் இருக்குமா, அப்பிடியே அந்தக் கார் மெஷின் ஓடுதா பாத்துச் சொல்லுங்க’ன்னு கேளு. அவனே எழுந்து போய்ப் பாத்து, ஸ்கிரீன்ல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சிக் காட்டுவான்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியா ஆப்பு வெச்சிருக்கானாமே. பேரு பொருத்தமாத்தான் இருக்கு. அங்க போய் நெட் இல்லாத எடத்துல எறக்கிக்கினு, ஓடிபி வரலன்னு வானத்தைப் பாக்காத. இங்கயே எறக்கி, கொஞ்சம் துட்டு போட்டு, ஒரு தடவை சொருகிப் பாத்துட்டுப் போ. கூட்டாளி ஒருத்தன் வண்டியில சொருகற முனையைக் கன்னு, கன்னுன்னு சொல்றான், நான் மாட்டுக்கன்னுன்னு நெனச்சிட்டன். பொருத்தம்தான். ஒரு மாட்டுக்கு ரெண்டு கன்னு இருந்தா பாலு பங்கு போவும். ஒரே மெஷின்ல நீ சொருகினப்பறம் இன்னொருத்தன் வந்து சொருகினா, சில மெஷின்ல உன் பங்கு பாதியாயிடும். பழைய மெஷின் சிலதுல வாயே வேற, உன் வண்டிக்குப் பொருந்தாது. சிசிஎஸ்-2ன்னு எழுதியிருக்கா, எத்தினி கிலோவாட்டுன்னு பாத்துக்க. 25 கிலோவாட்டுன்னா மணிக்கு 25 யூனிட்டு, அம்மாந்தான் கணக்கு. அப்பறம் அந்தத் தடத்துல டீசல் காரை நிறுத்தி, ஏசி போட்டு, வாயைத் தொறந்து தூங்கறவன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான். சண்டை போடாத. ஆயாவை எறக்கி விடு. கண்ணாடியைத் தட்டி ‘ஏம்பா, ஒடம்பு சரியில்லையா’ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும்.

இப்ப வழி. இங்கேருந்து மதுரை சுமார் 360 கிலோமீட்டரு. விடியக்காலம் நூறு பர்சன்ட்டோட கெளம்பு. திண்டிவனம், விழுப்புரம் ரெண்டுலயும் நிக்காத. நூறு கிலோமீட்டர்ல உளுந்தூர்பேட்டை, அங்க பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும், டிபனுக்கும் நேரம் சரி. 80 ஆனதும் கழட்டிடு. இட்லி பாதியில இருந்தாலும் எழுந்து போய்க் கழட்டு. அதை வெச்சே திருச்சிக்கு இழுத்துடலாம்னு உனக்கு ஆசை வரும். வாலைத் தின்னுட்டுத்தான் போய்ச் சேருவ. அதனால பெரம்பலூர்ல ஒரு பதினஞ்சு நிமிசம். அங்க மெஷின் செத்துக் கெடந்தா, வேகத்தை 70-க்கு எறக்கினாலே திருச்சி வரைக்கும் மூச்சு இருக்கும். திருச்சியில மத்தியானச் சாப்பாடு, திரும்ப 80. அங்கேருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர், மதுரைன்னு 135 கிலோமீட்டரு. வால் தொடற கணக்கு இது, அதனால நடுவுல ஒரு டீக்கு நிறுத்தி பத்துப் பதினஞ்சு பர்சன்ட் போட்டுக்க. சாயங்காலப் பூசைக்கு மீனாட்சி முன்னாடி நிக்கலாம்.

மதுரை போனதும் பொண்டாட்டி ‘அப்பிடியே கொடைக்கானல்’னு கேக்கும், எழுதி வெச்சிக்க. வத்தலக்குண்டுலேருந்து மேல போகசொல்ல 1,800 மீட்டரு ஏறணும். உன் வண்டியையும் உன் குடும்பத்தையும் அம்மா ஒசரம் தூக்கறதுக்கு மட்டுமே 9 யூனிட்டு. ரோட்டுல உருள்ற செலவு தனி. வத்தலக்குண்டுலயே நெறச்சிக்க. எறங்கசொல்ல காலை எடுத்தா வண்டியே திரும்ப சார்ஜ் ஏத்திக்குமாம். மலை கடன் வாங்கினதைத் திருப்பித் தரும், வட்டி புடிச்சிக்கினு. மேலயே நூறு பர்சன்ட் ஏத்திட்டு எறங்கினா அந்தக் கடனை வாங்கி வெக்க வண்டியில எடம் இருக்காது.

வூட்டுல போடறதுக்கும் ஒரு புத்தி. தறிக் கொட்டகைக்குக் கைத்தறிக்காரன்னு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டு அரசாங்கம் இனாமாக் குடுக்குது. அதுல கார சொருகலாமான்னு உன் கண்ணு போச்சே நேத்து, நான் பாத்தன். அந்தப் பிளக்குகிட்ட வந்த, நாடாவைக் கழட்டி மண்டையில போடுவன். வூட்டு மீட்டர்ல போடு. இனாம் யூனிட்டு போக மத்ததுக்குக் கட்டு. 500 தாண்டினா கீழ இருக்கற ரேட்டும் சேந்து ஏறும், பாத்துக்க. என்னா ஏறினாலும் ரோட்டுல யூனிட்டுக்கு இருவது ரூபா குடுக்கறதுக்கு இது தேவலை.

இன்னொண்ணு. பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் நடுவுல சமயபுரம் இருக்கு. அங்க ஒரு அஞ்சு நிமிசம். உளுந்தூர்பேட்டையில பூரிக் கிழங்கு கெடைக்கற ஓட்டலாப் பாத்து போன் போடு, பொங்கல் வேணாம். திருச்சியில எங்கூட தறி நெஞ்ச கூட்டாளி ஒருத்தன் மவன் வூட்டுல இருக்கான், ஒறையூர்ல. சார்ஜ் ஏறற அரை மணியில பாத்துட்டு வந்துடலாம். மதுரையில ஜிகர்தண்டா, உங்க ஆயாவுக்குத் தெரியாம. எனக்கு சக்கரை இருக்குன்னு டாக்டரு சொன்னது ஆறு மாசத்துக்கு முன்னாடி.

இன்னா அப்பிடிப் பாக்கற? அஞ்சு பேரு வண்டிதான், எனக்குத் தெரியாதா. ஒரு புள்ளை ஆயா மடியில. முன்சீட்டு எனக்கு. மேப்பை நான் புடிச்சிக்கறன், பச்சைப் பொட்டு எனக்கு நல்லாவே தெரியுது. பையை நேத்தே கட்டிட்டன், ஆயாவுக்கும் தெரியும். அவதானே உன்னை இங்க அனுப்பிச்சா.

போ, பொழுது சாயுது. இப்பவே சொருகினாத்தான் கோழி கூவசொல்ல நூறு ஏறும். கெணத்தடியில கொடம் இருக்கு, எர்த் குழியில மொதல்ல ஒரு கொடம் ஊத்திட்டுச் சொருகு.